எஃகு வாட்சும் ஒரு தலையாட்டலும்

சொன்னால் கேட்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பதினேழு வருஷமாகச் சுமக்கிறேன். கல்யாண வீட்டில் நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்று நான் வாய் திறந்தால்கூட, "நீங்க சும்மா இருங்க, உங்களுக்குத்தான் சொன்னா ஏறாதே" என்று யாராவது ஒருவர் சிரிப்பார். கூடப்பிறந்த தங்கச்சியே சிரிப்பாள். நான் சொன்னால் கேட்காதவன் இல்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்ன வித்தியாசம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் என் பிழைப்பு போயிற்று.

இந்தப் பெயரை எனக்கு வைத்தவர் என் தங்கச்சி புருஷன். அவர் போய்ச் சேர்ந்து நேற்றோடு ஒரு மாதம். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் குறை சொல்ல உட்காரவில்லை, ஆளைச் சொல்ல உட்கார்ந்தேன். ஆளைச் சொன்னால் குறையும் கூடவே வந்து உட்காருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு பெரிய வாட்ச் கடையின் பின்பக்கம் இருந்த வேலைக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவர் மெக்கானிக். நான் பாலிஷ் போடுகிறவன். சர்வீஸுக்கு வரும் வாட்சைப் பிரித்து உள்ளே ஓடும் மெஷினை அவர் வைத்துக்கொள்வார். வெறும் கேஸும் செயினும் என்னிடம் வரும். என் மோட்டாரின் தூசி அவர் பக்கம் போகாமலிருக்க இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் தட்டு போய்வர ஒரு சின்னத் திறப்பு. பன்னிரண்டு வருஷம் அந்தத் திறப்பு வழியாகத்தான் நாங்கள் பேசினோம், சண்டை போட்டோம், வெற்றிலைப் பெட்டி அளவு இருந்த அவருடைய டிபன் டப்பாவில் கை விட்டேன்.

வேலைக்கூடத்தில் யார் சட்டைக்கும் பை கிடையாது. கடைச் சட்டம். ஒரு திருகு தவறி விழுந்தாலும் பைக்குள் விழக் கூடாது, யாரும் யாரையும் சந்தேகப்படவும் கூடாது. நாங்கள் எல்லாம் வெளியே வந்ததும் பை வைத்த சட்டைக்கு மாறுவோம். அவர் வீட்டில் போடும் சட்டைக்கும் பையைத் தைத்து மூடியிருந்தார். பழகிவிட்டது, பை இருந்தால் யாரோ தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார். அப்போது நான் அதைப் பெரிய நாணயம் என்று நினைத்தேன்.

கூடத்தில் அவருக்கு மூச்சுப்பிடி என்று பெயர். வாட்சுக்குள் பேலன்ஸ் சக்கரம் என்று ஒன்று உண்டு. தலைமுடியைவிட மெல்லிய சுருள் கம்பியோடு இருக்கும். அதை இடுக்கியில் பிடித்து இறக்கும்போது மனுஷன் மூச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை நான் எண்ணினேன், எழுபத்திரண்டு வரை போயிற்று. அந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் வாய் திறக்க மாட்டார். ஏதாவது கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். இவ்வளவு பொறுமை உள்ளவன் கட்டியவளைக் கண்கலங்க விட மாட்டான் என்று நான்தான் முன்னே நின்று தங்கச்சியைக் கொடுத்தேன். அது தப்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவரை "வாங்க மாப்பிள்ளை" என்பேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பழையபடி வா, போ.

எங்களிடம் வந்ததில் பாதிக்கு மேல் எஃகு ஸ்போர்ட்ஸ் வாட்ச். கடலுக்குள் முங்குகிறவனுக்கும் பந்தயக் கார் ஓட்டுகிறவனுக்கும் என்று ஒரு காலத்தில் செய்தது. அடிபடும், கீறும் என்று தெரிந்துதான் எஃகில் செய்தான். கட்டுகிறவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு, கை கழுவும்போது கழற்றிப் பெண்டாட்டியிடம் கொடுக்கிற ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். அதே வாட்ச் தங்கத்தில் வேண்டுமா, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, இன்றைக்கே எடுத்துப் போகலாம். எஃகு வேண்டுமா, பெயர் எழுதி வைத்துவிட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தட்டுமுட்டுச் சாமான் செய்கிற உலோகத்துக்கு இந்த மவுசு ஏன் என்று ஒருநாள் திறப்பு வழியாகக் கேட்டேன்.

"தங்கம் கட்டினா எல்லாருக்கும் தெரியும் மச்சான். எஃகு கட்டினா தெரிஞ்சவனுக்கு மட்டும் தெரியும். ஒரு ரூம்ல நாப்பது பேர் இருந்தா அதுல ஒருத்தன் பாத்துட்டு லேசா சிரிப்பான் பாரு, அந்தச் சிரிப்புக்குத்தான் இவ்வளவும்."

இன்னொன்றும் சொன்னார். துணி மாறுகிறது, கார் மாறுகிறது, போன் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. இந்த வாட்சின் முகம் மட்டும் நாற்பது, ஐம்பது வருஷமாக அதே முகம். அப்பன் கட்டியதும் மகன் கட்டுவதும் ஒன்றுபோல இருக்கும். மாறாத ஒன்றைக் கையில் கட்டிக்கொள்ளத்தான் எல்லாருக்கும் ஆசை என்றார். சரியாகத்தான் சொன்னார். மனுஷனைவிட எஃகைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அந்த வாட்சில் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். அடுத்த பக்கம் நூல் நூலாகக் கோடு ஓடும். இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும். கோடு உள்ள இடத்தை டேப் ஒட்டி மறைத்து, மற்றதை பஃப் என்கிற துணிச் சக்கரத்தில் காட்டி, பிறகு டேப்பை மாற்றி ஒட்டிக் கோட்டை இழுக்க வேண்டும். எனக்கு நல்ல கை. ஆனால் எவ்வளவு நல்ல கையானாலும் பாலிஷ் என்பது தேய்ப்பதுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எஃகு போகும். பல தடவை ஆனால் விளிம்பு மழுங்கி, வாட்ச் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். நான் சேர்ந்த காலத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சர்வீஸ் என்றால் பாலிஷும் சேர்த்தி. புத்தம் புதுசாக மின்னினால் போதும். பிறகு காற்று திசை மாறியது. கீறல் இருக்கட்டும், விளிம்பு இருக்கட்டும், கம்பெனியில் எப்படி வெட்டினானோ அப்படியே வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணில் லென்ஸ் இடுக்கிக்கொண்டு செயின் மாட்டுகிற வாட்ச் காதுகளின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். வாட்ச் ஓடுகிறதா என்று அப்புறம்தான்.

ஒவ்வொரு வாட்சோடும் ஒரு கார்டு வரும். கவுண்டரில் இருப்பவர்கள் இங்கிலீஷில் கோழி கிளறியதுபோல எழுதி அனுப்புவார்கள். நான் ஐந்தாவது தாண்டாதவன். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் காலையில் தட்டுகள் வந்ததும் மாப்பிள்ளை கார்டுகளைப் படித்துச் சொல்வார். பாலிஷ் உண்டு என்றால் கேஸில் சிவப்பு நூல் கட்டுவேன். வெறும் கழுவல் என்றால் வெள்ளை நூல். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நூல் மாறியதில்லை. முதலாளிக்கும் இந்த ஏற்பாடு தெரியும்.

அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து மாப்பிள்ளையைச் சோதித்துத் தலைமை மெக்கானிக்காக ஆக்குவதாக இருந்தது. மனுஷனுக்குக் கை இருந்த இடத்தில் மனசு இல்லை. காலையில் கார்டு படித்து முடித்த பிறகு, நடுவில் ஒரு தட்டு தனியாக வந்தது. ஒரு பல் டாக்டருடைய வாட்ச். எஃகு, பழையது, கறுப்பு டயல், அதில் மணி காட்டும் புள்ளிகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. மாப்பிள்ளை மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு கேஸை மட்டும் திறப்பு வழியாகத் தள்ளினார். கார்டு அவர் மேஜையில் நின்றுவிட்டது.

நான் சிவப்பு நூலைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டினேன். அவர் வேறொரு வாட்சில் பேலன்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார். மூச்சு நின்றிருந்தது.

"இதுக்கும் வழக்கம்போலத்தானே?" என்றேன். நூலையும் தூக்கிக் காட்டினேன்.

கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். மேலும் கீழும், இரண்டு தடவை.

நான் கட்டினேன். தேய்த்தேன். நல்ல மனநிலையில் இருந்தேன், அன்றைக்குக் கை அவ்வளவு அழகாக ஓடியது. முப்பது வருஷக் கீறல் அத்தனையும் போய், கேஸ் நிலவு மாதிரி வந்தது. டேப்பை உரித்ததும் நானே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி என்னை முன்பக்கம் கூப்பிட்டார். பல் டாக்டர் கவுண்டரில் நின்றிருந்தார். கத்தவில்லை. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்து மடித்தார். வாட்ச் இருந்த தட்டை, எச்சில் தட்டைத் தள்ளுவதுபோல, ஒரே விரலால் தள்ளினார். முப்பது வருஷமாக யாருமே தொடாத விளிம்பு, அதற்காகத்தான் தேடிப் பிடித்து வாங்கினேன் என்று முதலாளியிடம்தான் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை. பாலிஷ் வேண்டாம் என்று தன் கையாலேயே கார்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாராம்.

முதலாளி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். கார்டைப் படித்துச் சொன்னாயா இல்லையா என்று முதலாளி கேட்டார்.

அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "சொன்னேங்க. மச்சானுக்கு எப்பவும் பளபளன்னு இருக்கணும். சொன்னா கேக்க மாட்டாரு."

இவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நீ ஏன் அங்கேயே கத்தவில்லை என்று கேட்பீர்கள். தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். இந்த ஆளை நான் அங்கே பொய்யன் ஆக்கினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தப்பாகிவிட்டது மச்சான், நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்பார் என்று நினைத்தேன். வந்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். குழம்பில் உப்பு குறைவு என்றார். போய்விட்டார். மறுநாள் நான் கார்டைக் கேட்டேன். அது முதலாளியிடம் போய்விட்டது என்றார். அந்த மாதத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். பாலிஷ் போடுகிறவன் தெருவுக்கு ஒருவன் கிடைப்பான், பேலன்ஸ் இறக்குகிறவன் கிடைப்பானா?

தங்கச்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அவர்தான் அவ்வளவு சொன்னாராமே. ஒரு தடவை கேட்டிருக்கலாம்லண்ணா?"

அன்று நான் அவளிடம் சொல்லாதது அப்படியே இறுகிப்போயிற்று. பிறகு பிள்ளை பிறந்தது, பேர் வைத்தோம், பள்ளிக்கூடம் போயிற்று. எந்த நாளும் அதைச் சொல்வதற்கு ஏற்ற நாளாக இல்லை.

நான் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். மாடிப்படிக் கம்பி, கதவுக் கைப்பிடி, பைக் சைலன்சர், எது வந்தாலும் தேய்த்துக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் அம்மாவிடம் போய், பாலிஷ் போடாதே என்பதை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னேன். மூன்று வார்த்தை. டூ நாட் பாலிஷ். எழுத்து எழுத்தாகப் பார்த்து மனப்பாடம் செய்தேன். நான் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் அதுதான். அந்தத் தாளை மோட்டாருக்கு மேல் ஒட்டி வைத்தேன். பாலிஷ் பட்டறையில் பாலிஷ் போடாதே என்று எழுதி வைத்திருக்கிற ஒரே ஆள் நீதான் என்று வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்கப்புறம் ரசீது, பெயர்ப் பலகை, மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாகப் படிக்க வந்தது. இன்னொருவன் வாயை நம்பி இனி ஒரு நூலும் கட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை தலைமை மெக்கானிக் ஆனார். எஃகு வாட்சின் மவுசு குறையும் குறையும் என்று ஆரூடம் சொன்னவர்கள் எல்லாம் ஓய்ந்து போனார்கள், அது ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்தக் கடை வழியாக நடந்தேன். வாசலில் ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் எஃகு வாட்சுக்குப் பக்கத்தில் சின்ன அட்டை. நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். காட்சிக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை. விற்காத பொருளை வைத்து இவ்வளவு பெரிய கடை நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். எங்கள் மாப்பிள்ளையைச் சுற்றிக் கும்பல். கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி என்னையும் பிடித்து இழுத்துப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததற்குக் கடையில் கொடுத்தார்களாம், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எஃகு வாட்ச். கறுப்பு டயல், பழுத்த புள்ளிகள். நான் விளிம்பைப் பார்த்தேன். என் கை வேலை எனக்குத் தெரியாதா? பல் டாக்டர் வேண்டாம் என்று தள்ளியதைக் கடைக்காரர்கள் பெட்டியில் போட்டு வைத்து, பத்து வருஷம் கழித்து இவருக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள். விளிம்பு மழுங்கியிருந்தது அங்கே ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"எப்படி மின்னுது பாத்தியாண்ணா?" என்றாள் தங்கச்சி.

"நல்லா தேச்சிருக்கான்" என்றேன்.

மாப்பிள்ளை சட்டைக் கையைக் கீழே இறக்கி வாட்சை மூடிக்கொண்டார். அதன் பிறகு நான் இருக்கும் இடத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்ததில்லை. அப்போதாவது தனியாக வந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழம் வாங்கி வந்தார். வாழ்நாளில் அவ்வளவு ஆப்பிள் நான் தின்றதில்லை.

போன வருஷம் நுரையீரலில் ஏதோ இறுகிக்கொண்டே வருகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். எழுபத்திரண்டு வரை மூச்சைப் பிடித்தவருக்குக் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடக்க மூச்சு போதவில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நான் வாரம் இரண்டு தடவை போவேன். சிலிண்டரை மாற்ற ஆள் வேண்டும், தங்கச்சியால் தூக்க முடியாது. மாற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். வெயில், விலைவாசி என்று ஏதாவது பேசுவோம்.

கடைசியாகப் போனது ஒரு மத்தியானம். தங்கச்சி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கையில் அந்த வாட்ச் இருந்தது. கை இளைத்து, செயின் முழங்கை வரை வழுக்கி ஓடியது. கொக்கியை விடுவிக்காமலே கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"இது உனக்குத்தான் மச்சான் சேரணும்."

"எனக்கு வாட்ச் வேணாம். நேரம் பாக்க பட்டறையில கடிகாரம் இருக்கு."

வாட்சை மெத்தைமேல் வைத்தார். பிறகு தலையணை உறைக்குள் கை விட்டு, உதிரிச் சாமான் போட்டுவைக்கும் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார். உள்ளே மடித்த கார்டு. மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுத்திருந்தது. முதலாளியிடம் போய்விட்டது என்று சொன்னாரே, அதே கார்டு. பை இல்லாத சட்டை போட்டவர் பதினேழு வருஷம் இதை எங்கே வைத்திருந்தாரோ தெரியாது.

நான் விரித்தேன். மூன்று வார்த்தை. கீழே இரண்டு கோடு. எழுத்துக் கூட்டத் தேவையே இருக்கவில்லை.

"அன்னிக்கு நான் கார்டப் பாக்கல மச்சான்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் குழாய் சீறியது. "நீ நூலத் தூக்கிக் காட்டினே. நான் சும்மா தலையாட்டிட்டேன். அதச் சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. திட்டியிருப்பாங்க, அவ்வளவுதான். அப்பவே எனக்குத் தெரியும்."

தெரியுமாம். எனக்கு அதுவரை, பாவம், பயத்தில் சொல்லிவிட்டார், வேலை போய்விடும் என்று நடுங்கியிருப்பார் என்று ஒரு சமாதானம் இருந்தது. அதையும் அவரே எடுத்துக்கொண்டார். திட்டு வாங்காமல் இருப்பதற்காக என்னைப் பலி கொடுத்திருக்கிறார்.

படியில் தங்கச்சி இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"கூப்பிடறேன்" என்றேன். "வரட்டும். உன் வாயால அவகிட்ட சொல்லு. இந்த ஒண்ணு போதும் எனக்கு."

அவர் தலையாட்டினார். இந்தத் தடவை பக்கவாட்டில். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேலன்ஸ் இறக்கும் கை, அந்த நிலையிலும் நடுங்கவில்லை. அவள் கதவுக்கு வெளியே வந்துவிட்டாள் என்று குரலைத் தாழ்த்தினார்.

"என்னால முடியாது மச்சான். நான் போய் ஒரு மாசம் ஆகட்டும். அவ அழுது முடிக்கட்டும். அப்புறம் பக்கத்துல உக்கார வச்சு, நீயே அவளுக்கு இந்தக் கார்டப் படிச்சுக் காட்டு."